இடம் மாறினால் தூக்கம் வராதவர்

என் அக்காவின் கணவருக்கு வெளியிடத்தில் தூக்கம் வராது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு மூட்டுவலி, இவருக்கு இது. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். அத்தான் இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். "எனக்கு இடம் மாறினா தூக்கம் வராது தம்பி. என் உடம்பு அப்படி" என்பார். உயர்ந்த ரகத் துணியைத் தடவிப் பார்த்துச் சொல்வதுபோல அந்த ‘உடம்பு’க்கு மட்டும் ஓர் அழுத்தம் கொடுப்பார்.

எங்களுக்கு இது முதலில் தெரியவந்தது கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள். எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. நல்ல அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் முன்னறையில் படுத்தோம். காலையில் அத்தான் வெளியே வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. அம்மா பதறிவிட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?"

"ஃபேன் கிரீச் கிரீச்சுங்குது அத்தை. தலகாணி கல்லு மாதிரி இருக்கு. சுவத்துல இருந்து ஏதோ சுண்ணாம்பு வாசம் வேற. பரவால்ல, விடுங்க."

விடுங்க என்று எங்களிடம் சொன்னாரே தவிர, அவர் விடவில்லை. ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் அந்த ஃபேனைப் பற்றி நான்கு தடவை சொல்லிவிட்டார். ஒரு வாரம் தங்குவதாக இருந்தவர்கள் மதியமே கிளம்பினார்கள். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதும்பாங்க. இவருக்கு ரெண்டுமே தெரியும் போலிருக்கே" என்றாள் அம்மா, பஸ் போனபிறகு. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவ்வளவு நாசூக்கான மாப்பிள்ளை கிடைத்ததில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மூன்று மோட்டார் ஒன்றாக உறுமும் கொட்டகையில், கிழிந்த பெல்ட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன். ஒருமுறை இதை அத்தானிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் ஒரு கொடுப்பினை தம்பி. மாட்டை எங்க கட்டினாலும் தூங்கும்" என்றார். அன்றைக்கே நான் அவரை மனதுக்குள் கைகழுவிவிட்டேன்.

இத்தனைக்கும் அவர் பார்த்தது ஊர் ஊராகப் போகவேண்டிய வேலை. எக்ஸ்ரே மெஷின்களைப் பொருத்திப் பழுது பார்த்துக் கொடுக்கும் கம்பெனியில் மெக்கானிக். புது மெஷின் ஒன்றைப் பொருத்த இரண்டு நாள் ஆகும். முதல் நாள் மேசையையும் தூணையும் நிறுத்தி, கேபிள் இழுத்து, டியூபை மாட்டவேண்டும். மறுநாள் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, அளவுகளைச் சரிசெய்யவேண்டும். அத்தான் முதல் நாள் வேலையோடு கிளம்பிவிடுவார். கூட வரும் மெக்கானிக்கை எல்லோரும் நெட்டையர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம், "நாளைக்கு நீ பாத்துக்கப்பா. நான் இங்க தங்கினா தூங்காம கை நடுங்கும். கரண்ட் சமாசாரம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்" என்பார். நெட்டையருக்கு முதுகுவலி. லாட்ஜ் கட்டிலுக்கு வெளியே அவர் கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் தூங்கினாரா என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனியில் அத்தானுக்குக் ‘கடைசி பஸ்’ என்று பேர் வைத்தார்கள். அது கிண்டல் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "எவ்வளவு லேட்டானாலும் கடைசி பஸ்ஸப் புடிச்சாவது வீட்டுக்கு வந்துருவேன்னு ஆபீஸ்ல பெருமையா பேசிக்கிறாங்க" என்று அக்காவிடம் வந்து சொன்னாராம். எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் அதற்காவது ஈரம் தெரியும்.

தங்கியே ஆகவேண்டிய பயணங்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று வரும். அப்போது பார்க்கவேண்டும் அந்த வீட்டை. தலையணை, போர்வை, விரிப்பு, ஜன்னலில் மாட்ட ஒரு கறுப்புத் துணி, காதில் அடைக்கப் பஞ்சு என்று எல்லாவற்றையும் அக்காதான் மடித்துப் பெட்டியில் வைக்கவேண்டும். திரும்பி வந்தபின் ஒரு வாரத்துக்கு அந்த லாட்ஜ் புராணம். மூன்று முறை அறை மாற்றச் சொன்னாராம். மேனேஜருக்குத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியவில்லையாம். வெளியூர் போய்வந்தவர்கள் அங்கே என்ன பார்த்தோம் என்று சொல்வார்கள். இவர் எந்த ஊரிலும் விட்டத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அவர் தூங்காதது அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வியாதிக்குப் பத்தியம் இருந்தது அக்கா. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வரும் லென்சை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அந்தக் கடையில் அவளைவிடக் கைநேர்த்தியுள்ள ஆள் இல்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவள் ஒரே ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். அவர்கள் மகளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனபோது, பெட்டியை வாசலில் இறக்கிவைத்து, "நேரமாச்சு, பஸ் போயிடும்" என்று அக்காவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் தன் கட்டிலைத் தானே தேடிப்போனாள். இப்போதும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் அக்காவே சமாதானம் சொல்வாள். "விடுடா, அவரு உடம்பு அப்படி."

அந்த இருபத்து மூன்றாம் வருடத்தில்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து ஆணி வைத்தார்கள். பத்து நாளாவது ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்றார் டாக்டர். பெண்கள் வார்டு. இரவு எட்டு மணிக்குமேல் ஆண்கள் உள்ளே இருக்கக்கூடாது. நான் வெளியே மாடிப்படிக்குக் கீழே அட்டையை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னால் அம்மாவுக்குப் பெட்பேன் வைக்க முடியாது. அதற்கு ஒரு பெண் வேண்டும், அக்காவை விட்டால் எங்கள் வீட்டில் வேறு பெண் இல்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம், வார்டுக்கு வெளியே நடைபாதையில் அக்கா அத்தானிடம் கேட்டாள். நான் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"ஏங்க, ஒரு அஞ்சு நாள் நான் ராத்திரி இங்கயே இருந்துடறேன். அம்மாவால அசையக்கூட முடியல."

"தாராளமா இரு. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. நீ இல்லன்னா வீடு வீடு மாதிரி இருக்காது. எனக்குக் கண்ணே மூடாது. நாளன்னைக்குப் பெரிய மெஷின் ஒண்ணு பிரிக்கணும். தூங்காம கை தவறி எங்கயாவது பட்டுச்சுன்னா, அவ்வளவுதான். நான் சொல்றதச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

அக்கா அவரையே பார்த்தாள். "இடம் மாறினாத்தானே தூக்கம் வராதுன்னு சொல்லுவீங்க? நீங்க உங்க வீட்லதானே இருக்கப் போறீங்க? நான் என்ன இடமா?"

"நீயும் வீட்ல ஒரு பாகம்தானே" என்றார் அத்தான்.

அதை அவர் அன்பாகச் சொன்னதாக வேறு நினைத்துக்கொண்டார். கட்டில் ஒரு பாகம், ஃபேன் ஒரு பாகம், அக்கா ஒரு பாகம்.

அக்கா அன்று அவரோடு போனாள். அதற்கு மறுநாளும் போனாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து நாள் முழுக்க அம்மாவைத் துடைத்து, மாற்றி, ஊட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் ஓடினாள். போகவர மூன்று மணி நேரம். அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் தினமும் கேட்டாள், "ராத்திரிக்கு வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா?" என்று. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள்தான், பாவம், முன்பின் தெரியாத பெண், கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்திருக்கிறாள். அம்மா சங்கடப்பட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் விடியும் நேரத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்துக் கட்டில் பெண் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். "பெரியவ வந்துட்டாளா, மணி ஏழாச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க அண்ணே." அப்போது மணி நாலரை.

அக்கா வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள், தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பத்து மணி. முன்னறையில் படுக்கவைத்தோம். அத்தான் வாடகைக் காரில் வந்து இறங்கினார். உள்ளே வருவதற்கு முன்பே, வாசலில் நின்றிருந்தவர்களிடம், "சாயங்காலம் கிளம்பிடணும். தங்க முடியாது. எனக்கு இடம் மாறினா தூக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. செத்த வீட்டில் யாரும் அவருக்குப் பாய் விரித்துக் கூப்பிடவில்லை. ஆனாலும் சொல்லிவைத்தார், முன்னெச்சரிக்கையாக.

அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெயில் என்றார். அப்புறம் தலை கனக்கிறது என்றார். எழுந்து உள்ளறைக்குப் போனார். அங்கே அம்மாவின் கட்டில் இருந்தது. அவள் கீழே விழுந்த நாளன்று விரித்த விரிப்பு, அவள் தலையணை. இருபத்து மூன்று வருடம் முன்பு கல்லு மாதிரி இருந்த அதே தலையணைதான், உறை மட்டும் வேறு. ஃபேனும் அதே ஃபேன்தான்.

அத்தான் அதில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

சும்மா கண்ணயரவில்லை. வாய் பிளந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குறட்டை விட்டுத் தூங்கினார். வீடு முழுக்க ஆட்கள். அத்தை ஒருத்தி வந்து இறங்கும்போதே ஓவென்று அலறிக்கொண்டு வந்தாள். குழந்தைகள் அழுதன. கூடுதல் நாற்காலிகளை யாரோ தடதடவென்று இறக்கினார்கள். ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எதற்கும் அசையவில்லை. ஒரு கட்டத்தில் முன்னறையில் எல்லோரும் அழுது ஓய்ந்து ஒரு நிமிடம் அமைதியாக இருந்தபோது, உள்ளேயிருந்து அந்தக் குறட்டை மட்டும் தெளிவாகக் கேட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகைக்காக இல்லை.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. அம்மாவைத் தூக்கும் நேரம். பெரியப்பா உள்ளறை வாசலுக்குப் போய், "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தோளைத் தொட்டு உலுக்கப் போனார்.

"விடுங்க பெரியப்பா" என்றாள் அக்கா.

"என்னம்மா, ஒரே மருமகன்..."

"தூங்கட்டும். வெளியில எங்கயுமே தூங்கினதில்ல, பாவம். எழுப்பினா அப்புறம் தூக்கம் வராது."

அவள் குரல் உயரவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு, லென்சை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து அம்மாவின் கால் பக்கம் நின்றாள். அவரில்லாமலே நாங்கள் அம்மாவைக் கொண்டுபோனோம்.

திரும்பி வந்தபோது மணி ஐந்து. அத்தான் அப்போதுதான் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, எடுத்துட்டாங்களா? ஏன் ஒருத்தர்கூட என்னை எழுப்பல?"

பெரியப்பா ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"ரெண்டு நிமிஷம் கண்ணசந்துட்டேன் போல" என்றார். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டைத் தேடினார். துடைத்துக்கொண்டே அக்காவிடம், "சரி, கிளம்பலாமா?" என்றார்.

"நீங்க கிளம்புங்க."

"நீ?"

"நான் இங்க இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"நீ இல்லாம எனக்குத் தூக்கம்..."

"வரும். இப்பப் பாத்தேனே."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவளை அனுப்பிவைப்பேன் என்று. நான் குடையை எடுத்துக் கொடுத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

அக்கா எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். முதல் நான்கு நாள் அவளுக்கும் தூக்கம் வரவில்லை. காலையில் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது சமையலறையில் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருப்பாள். நான் துக்கம் என்று நினைத்தேன். அவள் ஒருநாள் சிரித்துவிட்டாள்.

"அது ஒரு பக்கம் இருக்குடா. ஆனா எனக்கு நிஜமாவே இடம் புதுசா இருக்கு. பொறந்து வளர்ந்த வீடு, எந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கறதுன்னு தெரியல. அந்த மனுஷன் பொய் சொல்லல போலிருக்கு. இப்படி ஒரு வியாதி இருக்கத்தான் இருக்கு."

"அப்ப அவரு மேல தப்பில்லங்கறியா?"

"தூக்கம் வரலன்னா என்ன பண்ணணும்? முழிச்சிட்டு இருக்கணும். விடிஞ்சா எழுந்து வேலையப் பாக்கணும். நாலு நாளா நான் செத்தா போயிட்டேன்?" கொதித்துவந்த பாலை இறக்கினாள். "ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி அவரு கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருந்திருந்தா, நான் அம்மா பக்கத்துல இருந்திருப்பேன். அவ்வளவுதான்டா அதோட வெல."

நான் அத்தானைத் திட்ட ஆரம்பித்தேன். பல வருடமாகச் சேர்த்துவைத்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ மட்டும் என்ன? அன்னைக்கு ஃபிளாஸ்க்க புடிச்சுட்டு பக்கத்துலதானே நின்ன? 'அத்தான், அக்கா இன்னைக்கு வராது, நீங்க போங்க'ன்னு ஒரு வார்த்த வந்துச்சா உன் வாயில?"

வரவில்லை. மனதுக்குள் ஒருவரைக் கைகழுவுவது சுலபம், அதற்கு வாயைத் திறக்கவேண்டியதில்லை. நான் டீயைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். எனக்கு அன்று பகலில் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, அக்காவின் மாற்றுத்துணி எடுத்துவர அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கால்மணி நேரம் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அத்தான் வந்து திறந்தார்.

"வா தம்பி. ராத்திரி பூரா பொட்டுக்கூடக் கண் மூடல. எத்தனை நாளா இப்படி. உங்க அக்காகிட்ட சொல்லு."

அவர் இடது கன்னம் முழுக்கத் தலையணைச் சுருக்கம் வரிவரியாகப் பதிந்திருந்தது. வாயோரத்தில் எச்சில் காய்ந்திருந்தது. இத்தனைக்கும் அக்கா என்ற அந்தப் பாகம் வீட்டில் இல்லை. "சொல்றேன் அத்தான்" என்றேன். அவள் சேலைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சொல்லவும் சொன்னேன், சுருக்கத்தையும் சேர்த்து.

அவள் வீட்டை விட்டு ஒரேயடியாக வந்துவிடவில்லை. மாதம் முடிந்ததும் திரும்பிப் போனாள். ஆனால் அவள் கடைக்கு எங்கள் ஊரில் ஒரு கிளை இருந்தது. அங்கே லென்ஸ் தேய்க்க ஆளில்லாமல் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் போகிறேன் என்று முதலாளியிடம் பேரைக் கொடுத்துவிட்டு வந்து, பிறகுதான் அத்தானிடம் சொன்னாள். இரண்டு நாளும் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். அத்தான் முதல் மாதம் கத்தினார், இரண்டாம் மாதம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், மூன்றாம் மாதம் தனக்குத்தானே டீ போடக் கற்றுக்கொண்டார்.

இந்த வருடம் அக்கா தன் மகளைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் இப்போது தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஒற்றை அறை, ஒரே கட்டில். அவள் தங்கியிருக்கும் இடத்தை அத்தான் இதுவரை பார்த்ததில்லை. அக்கா அங்கே பத்து நாள் தரையில் மெத்தை விரித்துப் படுத்திருக்கிறாள். ஓர் இரவுக்கு மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகமாம். பகலெல்லாம் மகளை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள். மகள்தான் போனில் எனக்குச் சொன்னாள். "மாமா, எனக்குக் கால் வலிக்குது, அம்மாவுக்கு வலிக்கல."

ஏழாம் நாள் அத்தானிடமிருந்து போன் வந்ததாம்.

"எப்ப வர்ற? ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

"எனக்கும்தாங்க இல்ல" என்றாளாம் அக்கா. "மேல் வீட்ல யாரோ விடிய விடிய நடக்கறாங்க. நாளைக்குக் காலையில நாங்க படகுல போறோம், சீக்கிரம் எழுந்திருக்கணும். வெச்சிடட்டுமா?"